சிவப்பு மையும் தட்டைப் பென்சிலும்

ஞாயிறு, காலை பத்து மணி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் கணவன் எழுதுவது. இங்கே நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருக்கிறாய் என்று நீ அவளுக்கு அனுப்பிய படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. என்ன காரணத்தால் தெளிந்தது என்பதுதான் படத்தில் இல்லை.

தினமும் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷன் எதற்கு விரைவுத் தபாலில் கடிதம் அனுப்புகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் இந்தப் பக்கம் மகள் காதை நீட்டுகிறாள், அந்தப் பக்கம் உன் அறைத்தோழிகள் இரண்டு பேர். சாப்பிட்டாயா, தூங்கினாயா, வைக்கட்டுமா என்பதோடு முடிந்துபோகிறது. அதோடு எனக்குக் கோபம் வாயில் ஒழுங்காக வராது, தாளில்தான் வரும். கோபம் என்று எழுதிவிட்டேன், அந்த வார்த்தையை அடிக்க மனமில்லை. கோபம் இல்லை. ஒரு சின்னக் கேள்வி. கடைசியில் கேட்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. நானே இரண்டு முறை கழற்றி மாட்டினேன். முன்பு சொட்டியது, இப்போது ஒழுகுகிறது. மகள் வளர்ந்துவிட்டாள். பள்ளிச் சட்டையின் கை முழங்கைக்கு ஏறிவிட்டது, புதிதாகத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கப் பழகியிருக்கிறாள். படிக்கிறாளா என்று கதவுதான் சொல்ல வேண்டும்.

அச்சகத்தில் இந்த மாதம் நான்காம் வகுப்பு ஆங்கிலப் பயிற்சி நூல். எட்டாவது பாடம், ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சொற்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெட்டி, ஒரு பந்து. பந்து பெட்டிக்குள் இருந்தால் 'இன்', மேலே உட்கார்ந்தால் 'ஆன்', அடியில் போனால் 'அண்டர்', பக்கத்தில் நின்றால் 'பிசைட்'. படம் வரைகிறவர் பந்தைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் வரைந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். குழந்தை இதற்கு என்ன எழுதும் என்று கேட்டால், விழப்போகிற பந்து சார் என்கிறார். பதினெட்டு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை திருத்துகிறவனிடம் சொல்கிற பதிலா இது?

அந்தப் பாடத்தைத் திருத்தும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். நீ அந்த வெளிநாட்டு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அழுதுகொண்டே கூப்பிட்டாயே. மாத்திரையை டிராயருக்குள் வைத்துவிட்டு, அடுத்த ஷிப்டுக்கான குறிப்பில் 'ஆன்' என்று எழுதிவிட்டாய். வந்த நர்ஸ் டிராயரின் தலைமேல் கால் மணி நேரம் தேடிவிட்டு உன்னைத் திட்டினாள். உன்மேல் என்ன தப்பு? நம் மொழியில் ஒரு 'இல்' போதும். டிராயரில், மேசையில், சுவரில், வாசலில் என்று எல்லாவற்றுக்கும் அதே 'இல்' வந்து கைகொடுக்கும். அவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை வேண்டும். அன்றைக்குத்தான் சொன்னேன், நீ எழுதியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, நான் அச்சகத்தில் பிரதி எடுத்துத் திருத்தி, அதைப் படமாகத் திருப்பி அனுப்புகிறேன், அதைப் பார்த்து நோட்டில் எழுது என்று.

உன் ஷிப்ட் முடிகிற நேரம் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். இரண்டு வருடம், ஒரு நாள் தவறாமல், ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் சிவப்புப் பேனா. நான்காம் அறைத் தாத்தாவின் கண்ணாடி எங்கே கிடந்தது, ஆறாம் அறை அம்மாவின் முதுகில் எந்த இடத்தில் சிவந்திருந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். நம் வீட்டு அலமாரியில் எது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாது. சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். மனைவியிடமிருந்து காதல் கடிதம் வந்துவிட்டது, அதையும் திருத்துகிறான் பார் என்பார்கள். நான் மறுத்ததே இல்லை.

நீ கடைசியாக அனுப்பியது ஆறாம் அறை அம்மா கட்டிலிலிருந்து விழுந்த அன்றைய குறிப்பு. அதற்குப் பிறகு தொண்ணூற்றொரு நாள் ஆகிறது. ஒன்றும் வரவில்லை. கேட்டால், இப்போது பழகிவிட்டது, உங்களுக்கு எதற்குத் தொந்தரவு என்கிறாய். எனக்குத் தொந்தரவு என்று யார் சொன்னது? இப்போது மதியம் இரண்டு கையாலும் சாப்பிடலாம். சாப்பாடு இறங்கவில்லை.

இதுதான் என் கேள்வி. இப்போது உன் குறிப்புகளை யார் திருத்துகிறார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலைத் தாளில் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும் உன் கணவன்


சனி, மாலை

அன்புள்ள மனைவிக்கு,

வாழ்த்து. உன் பதில் தாளில் வரவில்லை, போனிலேயே வந்தது. அதுவும் நான்கு வார்த்தை. 'இங்க ஒருத்தர் உதவி பண்றார்.' சொல்லிவிட்டு உடனே மகளின் சட்டை அளவைக் கேட்டாய். ஒருத்தர் என்றால் யார் என்று நான் கேட்டபோது, இல்லத்தில் பழுது பார்க்கிறவர், நம் பாஷைக்காரர், நல்ல மனுஷன் என்றாய். நல்ல மனுஷன் என்பதை நான் கேட்கவே இல்லையே.

நானும் என் வேலையைச் செய்தேன். மகளுக்கு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உனக்குப் பின்னால் மேசை, மேசைமேல் உன் குறிப்புத் தாள். அதன் ஓரத்தில் கருப்பாகத் தடித்த கோடுகள். அது பேனா இல்லை. தச்சர்கள் காதில் செருகிக்கொள்வார்களே, அந்தத் தட்டைப் பென்சில். எழுத்து தெரியவில்லை, ஆனால் கோடுகளை எண்ணினேன், பன்னிரண்டு. ஒரு பக்கக் குறிப்பில் பன்னிரண்டு இடத்தில் கை வைத்திருக்கிறார் அந்தத் திருவாளர் ஸ்பேனர். நான் ஒருநாளும் ஏழு இடத்தைத் தாண்டியதில்லை.

வயிறு எரிகிறது என்று நேரடியாகவே எழுதுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் உன்னைப் பார்க்கிறார், பேசுகிறார், அதெல்லாம் வேலை செய்கிற இடத்தில் நடப்பதுதான், நான் அவ்வளவு மட்டமானவன் இல்லை. மட்டமானவன்தான், ஆனாலும் அதைப் பற்றி இல்லை இந்தக் கடிதம். உன் கையெழுத்தின் மேல் கோடு போடுகிற உரிமை எனக்கு மட்டும் இருந்தது. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு உனக்காக நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். சமைத்துக் கொடுக்க முடியாது, கால் வலித்தால் பிடித்துவிட முடியாது. ஒரு 'இன்'னை அடித்து 'ஆன்' போட முடியும். அதையும் குழாய் மாட்டுகிறவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய்.

இந்த ஏழு நாளில் நான் செய்தவற்றையும் கேட்டுக்கொள். நம் குழாயைச் சரிசெய்ய வந்தவரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். அவர் காதில் பென்சில் இருந்தது. அச்சகத்தில் எட்டாவது பாடத்தில் ஒரு பிழையைக் கோட்டைவிட்டேன். பெட்டிக்குப் பின்னால் இருக்கிற பந்துக்கு 'பிட்வீன்' என்று அச்சேறிப் போய்விட்டது. ஒரு பெட்டிக்கும் எதற்கும் இடையில் என்று முதலாளி கேட்டார். எனக்கும் தெரியவில்லை சார் என்றேன். பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மகளோ நான் போனை வாங்கி வாங்கிப் படத்தைப் பெரிதாக்குவதைப் பார்த்துவிட்டு, பிரிண்ட் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். அவளுடைய நையாண்டி அப்படியே உன்னுடையது.

இன்னொன்றும் சொன்னாய், போனை வைக்கும்போது, போகிற போக்கில். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, இந்த முறை நீட்டிக்க மாட்டார்கள் போல இருக்கிறது என்று. ஏன் என்று கேட்டேன், தெரியவில்லை என்றாய். உன் குரல் சரியாக இல்லை. ஒரு நல்ல கணவன் அப்போது என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் சிரித்தேன். நீட்டிக்காவிட்டால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். பென்சில் அங்கேயே கிடக்கும்.

மகள் மேல்படிப்புக்குப் போகும் வரை இருந்துவிட்டு வருகிறேன் என்று நீ திட்டம் போட்டு வைத்திருப்பது எனக்குத் தெரியும். அதையெல்லாம் எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் வேண்டாம் என்றால் நீ போய்க் கெஞ்சாதே. பெட்டியைக் கட்டு. அலமாரியில் உன் தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறேன்.

அந்த ஸ்பேனரிடம் என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் கணவன், இன்னும் கணவன்தான்


புதன், மதியம், அச்சகத்து மாடிப்படி

அன்புள்ளவளே,

நீ சுகமாக இருக்க வேண்டும். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

போன வாரம் நீ மகளிடம் பேசும்போது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவரது எண்ணைக் கொடுத்திருக்கிறாய். அதை அவளிடமிருந்து வாங்கி, திங்கட்கிழமை மதியம் உனக்குச் சொல்லாமல் கூப்பிட்டேன். அது தப்பு, தெரிந்தே செய்தேன். கேட்பதற்குப் பதினொரு கேள்வி எழுதி வைத்திருந்தேன். வயது, சொந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, எங்கே ஆங்கிலம் படித்தார் என்றெல்லாம். அவர் அப்போது ஒரு வாஷ்பேசினுக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, நான் யார் என்று தெரிந்ததும், சொல்லுங்க சார் என்றார். பதினொன்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்டேன். என் மனைவி எழுதுவதைத் திருத்த நீங்கள் யார் என்றேன். அவர் சொன்னார்:

"சார், இங்கிலீஷ்ல எனக்கு என் பேரு மட்டும்தான் எழுத வரும். நான் அந்த ரூமுக்குப் போய்ப் பாத்துட்டு வந்து, கட்டில் இங்க, சுவரு இங்க, ஆளு இங்க கிடந்தாங்கன்னு ஓரத்துல ஒரு படம் போட்டுக் குடுப்பேன். அவங்க அதையும் பாத்துட்டு எழுதுவாங்க. நான் எதையும் திருத்துனதில்ல."

நான் எண்ணி வைத்திருந்த பன்னிரண்டு கோடும் கட்டிலின் கால்களும் சுவரும் கதவுமாம். எதற்கு இப்படி ஒரு ஏற்பாடு, என் மனைவிக்குக் கண் இல்லையா என்று கேட்டேன். என் குரல் அப்போதும் இறங்கவில்லை. அதற்குத்தான் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவங்க சரியாத்தான் சார் பாத்தாங்க, சரியாத்தான் எழுதுனாங்க. நீங்க மாத்திட்டீங்க. அதுலேருந்துதான் இன்னொரு கண்ணும் பாக்கட்டும்னு என்னைக் கூப்பிடுறாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஆனா வேலை போகப் போகுதே, அதான் சொல்றேன்."

மிச்சத்தையும் அவரே சொன்னார். ஆறாம் அறை அம்மா விழுந்தால் அடிபடாமல் இருக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் தடித்த தரை மெத்தை விரித்திருக்க வேண்டும். முந்தைய ஷிப்ட்காரி துடைத்துவிட்டு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். நீ வந்து இருபது நிமிஷத்தில் அந்த அம்மா வெறும் தரையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கட்டிலின் சக்கரத்தைப் பார்க்கப் போன இவர்தான் பிறகு அந்த மெத்தையை அடியிலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறார். அதைப் பற்றி இவரிடம் யாரும் கேட்கவில்லையாம்.

போனை வைத்துவிட்டு என் பழைய படங்களைத் தேடினேன். அன்றையது இருந்தது. உன் கையெழுத்தில், மெத்தை கட்டிலுக்கு 'அண்டர்'. அதை அடித்துவிட்டு என் சிவப்பு மையில் 'பிசைட்'. ஓரத்தில் ஒரு வரி வேறு எழுதியிருக்கிறேன்: மெத்தையைக் கட்டிலுக்கு அடியில் யாராவது போடுவார்களா, மக்கு? அதற்கு நீ ஒரு சிரிக்கிற முகம் அனுப்பியிருக்கிறாய். ஒரு அம்மா கையை உடைத்துக்கொண்ட நாளில், களைத்துப்போய், நான் எழுதியதை அப்படியே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்குச் சிரித்தும் காட்டியிருக்கிறாய்.

நான் அந்த அறையைப் பார்த்தவன் இல்லை. பெட்டியையும் பந்தையும் பார்த்துப் பழகியவன். ஒரு பொருள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருக்கும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே முடிவு கட்டிவிட்டேன். என் வார்த்தையால் நோட்டில் மெத்தை சரியான இடத்துக்கு வந்துவிட்டது. மெத்தை இருந்தும் மணிக்கட்டு எப்படி உடைந்தது என்று கேட்டார்கள். நீ தூக்கும்போது தவறவிட்டிருக்கிறாய் என்று எழுதி, உனக்கு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்துவிட்டார்கள். என் கணவர் மாற்றினார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லத்துக் குறிப்பை வெளியே அனுப்பியதற்குத் திட்டுவார்கள், அவ்வளவுதானே? நீ சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நான் என்னவென்றால் யார் திருத்துகிறார்கள் என்று கேட்டு உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்லப்போவதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். திங்கள் மதியம் எல்லாம் தெரிந்தது. நேற்று வரை நான் எதையும் செய்யவில்லை. சும்மா இருந்தால் போதும், அடுத்த மாதம் நீ வந்துவிடுவாய் என்று ஒரு எண்ணம் உள்ளே உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. உண்மையைச் சொன்னால் உன் பெயர் தெளியும், இரண்டு வருடம் நீட்டிப்பார்கள், நீ அங்கேயே இருப்பாய், அவரும் அங்கேயே இருப்பார். சொல்லாவிட்டால் நீ எனக்கு. இப்படி ஒரு கணக்கைப் போடுகிறவனோடுதான் நீ பதினாறு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாய்.

நேற்று மாலை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் புதுச் சட்டையின் பித்தானைப் போட்டு அவிழ்த்துப் போட்டு அவிழ்த்து, பிறகு சொன்னாள்: "அம்மா வந்தா எனக்கு சந்தோஷம்தான்பா. ஆனா செய்யாத தப்புக்காக வர வேணாம்." கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று, அன்றைய உன் குறிப்பின் அச்சுப் பிரதி, என் சிவப்பு மையோடு. மற்றொன்று உங்கள் மேலாளருக்கு நான் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். மாற்றியவன் நான், அறையைப் பார்க்காமல் மாற்றினேன், அவள் எழுதியதுதான் உண்மை, மெத்தையை வெளியே இழுத்தவர் உங்களிடமே வேலை செய்கிறார், அவரைக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். பதினெட்டு வருடத்தில் ஒரு தாளைக் கண்டு நான் பயந்தது இதுதான் முதல் முறை.

அதைக் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் காட்டு. கட்டில், சுவர், கதவு, மெத்தை என்று அவர் போனில் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரியையும் நீ அவருக்குத் தமிழில் சொல்லு, அவர் ஆறாம் அறையில் நின்று பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை இடம் மாறியிருந்தாலும் அந்தத் தட்டைப் பென்சிலால் அடிக்கச் சொல். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். வேலை முடிந்ததும் அவர் வாஷ்பேசினைப் பார்க்கப் போகட்டும். வயிறு எரிவது ஒரு போன் பேச்சில் அணைந்துவிடவில்லை, எரிந்துகொண்டுதான் இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மேலாளரிடம் தலை நிமிர்ந்து போ. இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம், இருந்துவிட்டு வா. உன் கையும் காலும் நன்றாக இருக்கட்டும், உன் பேச்சை நம்புகிறவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். எனக்கு ஒன்று மட்டும் செய். என்றைக்காவது ஒருநாள், ஷிப்ட் முடிந்ததும், அன்றைய குறிப்பை ஒரு படம் எடுத்து அனுப்பு. திருத்த இல்லை. நீ இன்று எங்கெங்கே இருந்தாய் என்று படித்துப் பார்ப்பதற்கு.

உன் கணவன்